எட்டாத கால்

டெல்வின் கத்தாருக்குப் போகிற அவசரத்தில்
விலையை இரண்டு தடவை குறைத்தான்.
மூன்றாவது தடவை நான் கேட்கவே இல்லை.
அவனாகக் குறைத்துவிட்டு
"ஆருக்குக்கா, மகனுக்கா?" என்றான்.
எனக்கு என்றேன்.
சாவியை நீட்டாமல் கொஞ்ச நேரம்
என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பார்த்ததில் தப்பில்லை.
வயது நாற்பத்துநாலு. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.
ஏறி உட்கார்ந்தால்
இடது பெருவிரல் தரையைத் தொடும்,
வலது கால் அந்தரத்தில் தொங்கும்.
ஓடும்போது நான் குள்ளமில்லை,
நிறுத்தும்போதுதான்.

ஐஸ் கம்பெனியில் பார் கணக்கு எழுதுகிறவள்.
ஸ்கூட்டி போதாதா அமலோற்பவம் என்றார்கள்.
போதும்.
மூக்கையூரிலிருந்து சாயல்குடிக்குத் தாராளமாகப் போதும்.
தார் முடிகிற இடத்தில் அது திரும்பிக்கொள்ளும்,
நானும் அதோடு திரும்பிக்கொள்வேன்,
அந்தப் பக்கம் மணல்
பாட்டுக்குக் கிடக்கும்.

சந்தியாகு கேட்டது ஒன்றுதான்:
"விழுந்தா ஆரு தூக்குவா?"

முதல் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகள்.
மகனின் வாலிபால் முழங்கால் உறை,
டெல்வின் விட்டுப்போன ஹெல்மெட்,
அதில் அவன் தலை எண்ணெய் வாசம்.
உடைமரங்களுக்குள் வளைந்து போகும் வண்டித்தடம்.
கிளச்சை விட்ட கையோடு விழுந்தேன்.
கிளச்சை விடாமலும் விழுந்தேன்.
நின்ற இடத்தில் நின்றபடியே
மெதுவாக, மரியாதையாக,
யாரோ படுக்கவைத்த மாதிரி ஒருமுறை.

சீமைக்கருவேல முள்ளை டயரிலிருந்து பிடுங்கிய சீனி நைனா
"காத்து ரொம்ப இருக்குக்கா" என்றான்.
மீன்வேன்காரர்கள் மணலில் புதைந்தால்
காற்றை இறக்கித்தான் ஏறுவார்களாம்.
உஸ்ஸென்று பாதியை இறக்கிவிட்டான்.
பஞ்சர் கடையில் காற்றைப் பிடுங்கிக்கொண்டு
காசு கொடுத்துவிட்டு வந்தது நான்தான்.

மற்றதை மணல் சொன்னது, கன்னத்தில்.
பயந்தால் கை பிரேக்கைத் தேடும்;
பிடித்தால் முன்சக்கரம் மண்வெட்டி.
பயம் வருகிற அந்த நொடியில்
முறுக்க வேண்டும்.
எவ்வளவு சொல்லியும் என் மணிக்கட்டுக்கு
இது அநியாயமாகவே படுகிறது.
சக்கரத்தைக் குனிந்து பார்க்காதே,
தூரத்தில் எதையாவது பார்.
நண்டு வளையைப் பார்த்தேன்,
நேராக நண்டு வளைக்கே போனேன்.

நாலாவது ஞாயிறு
பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு வந்த பெண்கள்
மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார்கள்.
வேண்டாம், பைய, நில்லுங்க என்றேன்.
வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினேன்.
ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் பின்கம்பி.
முதுகால் இல்லை, தொடையால்.
பின்னாலேயே அடியடியாக நடந்தேன்.
நூற்றைம்பது கிலோ.
மூன்று ஐஸ் பார்.
இருபது வருஷமாக எண்ணியிருக்கிறேன்,
தூக்கியதில்லை.
பெட்ரோல் வாசத்தில் நின்று
அவர்களில் ஒருத்தி கேட்டாள்:
"வலிக்கலையா மதினி?"
வலித்தது. சைலன்சர் சுட்ட கெண்டைக்காலில்
சந்தியாகு ராத்திரி கற்றாழை தடவினான்.
"இன்னைக்கு எத்தன?" என்றான்.
ஏழு என்றேன்.
போன வாரம் பதினொன்று.

இன்று கச்சான் காற்று.
ராவணன்மீசைப் புல் உருண்டு உருண்டு குறுக்கே ஓடுகிறது.
எழுந்து நின்றேன், கம்பியில் இரு கால் ஊன்றி.
பின்சக்கரம் இடமும் வலமுமாகத் துள்ளியது;
துள்ளட்டும் என்று விட்டேன்.
மேட்டின் முதுகு எங்கே முடிந்ததென்று தெரியவில்லை,
முன்னால் திடீரென்று
கடல் மட்டும் இருந்தது.

அந்த அதிர்ச்சியில் முறுக்குவதை விட்டேன்.
எஞ்சின் செத்தது.
கால் எட்டவில்லை. விழவும் இல்லை.
அச்சு வரைக்கும் புதைந்து
வண்டி தானாக நின்றது,
நான் இறங்கிய பிறகும் நின்றது.

சுற்றி ஒரு ஆளில்லை.
அடப்பங்கொடியில் சிக்கிக் கிடந்த
காய்ந்த பனமட்டை ஒன்றை எடுத்து
பின்சக்கரத்தைச் சுற்றித்
தோண்டத் தொடங்கினேன்.