மீட்டர் ஓடுகிறது

இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
வண்ணார்பேட்டையில் வாங்கினேன்.
சதுர முகம், வெள்ளிநிறக் கம்பிப்பட்டை,
குச்சி குச்சியாய் எண்கள்.
எண்பதுகளின் கடிகாரம்போல ஒரு வேஷம்;
அடிவயிற்றில் மட்டும்
ரத்தம் பார்க்கிற பச்சை வெளிச்சம்.

"எக்கா, சவூதி போய்ட்டு வந்த
மச்சான் வாட்சு மாதிரில்லா இருக்கு" என்றாள் சேர்மக்கனி.
அவளும் மின்வாரியம்தான், அடுத்த பிரிவு.

நான் ரீடிங் எடுக்கிறவள்.
பதினாறு வருஷமாய்
அடுத்தவர் சுவரில் ஓடும் எண்ணை எழுதிப் பிழைப்பு.
என்னை ஒன்று ரீடிங் எடுப்பது
இதுதான் முதல் தடவை.
லேசில் நம்பிவிட மாட்டேன்.

மேலப்பாளையம் தெருவில்
வாய்விட்டு எண்ணி ஆயிரம் அடி நடந்தேன்.
ஆயிரத்து முப்பத்தாறு என்றது.
எங்கள் மீட்டர் இப்படிக் கூட்டினால்
மறுநாள் மனுவோடு வந்து நிற்பார்கள்.
பஸ்ஸில் நின்றபடி வந்ததற்கு நானூறு அடி;
அது ரோட்டின் கணக்கு, என்னுடையதல்ல.
மூன்றாம் மாடி ஏறி,
பூட்டிய கதவைப் பார்த்து, திரும்ப இறங்கியதற்கு
அதனிடம் எண்ணே இல்லை.

பாளையங்கோட்டைப் பன்னிரண்டு மணி வெயிலில்
திரை செத்துப்போகிறது.
உள்ளங்கையைக் குடையாக்கிப் பார்க்கணும்.
மீட்டர் கண்ணாடிக்கும் அதே கை, அதே குடை.
குறையென்று எழுதவில்லை.

குறுக்குத்துறையில் கழற்றாமல் முங்கினேன்.
ஆற்றுக்குள்ளும் அதுபாட்டுக்கு ஓடிற்று.
கரையேறினால் பட்டைக்கடியில் மணல்,
பிடுங்கிக்கொண்ட இரண்டு ரோமம்.
பட்டை அழகு. வேர்வைக்கு ஆகாது.

ஏழு நாள் சார்ஜ் நிற்கும் என்றது பெட்டி.
நாலரை.
தமிழில் செய்தி வந்தால் வெறும் கட்டங்கள்.
ஒன்பது கட்டம் வரிசையாய் வந்தால்
மகன் பஸ் ஏறிவிட்டான் என்று
நானாகப் படித்துக்கொள்கிறேன்.

ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
ஆவுடையப்பன், நாற்பத்தெட்டு,
பிளேட்லெட் முப்பத்தோராயிரம்.
கட்டிலோரம் இரும்பு ஸ்டூல்.
ஊசி குத்திய அவர் கை என் கையில்.
நான் அசைந்தால் ஊசி அசையும்.
அசையவில்லை.
குழாயில் சொட்டுவதை
ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் மணிக்கட்டில் ஓர் அதிர்வு.
ஆழ்ந்த உறக்கம் ஆறு மணி பத்து நிமிஷம்,
பிரமாதம், இப்படியே தொடருங்கள் என்று
இங்கிலீஷில் ஒரு பாராட்டு,
பக்கத்தில் சிரிக்கிற நிலா.

ஜன்னல் கம்பி மட்டும் இல்லையென்றால்
வெளியே எறிந்திருப்பேன்.

வார்டில் வேறென்ன வேலை?
அடுத்த பக்கத்தைத் தள்ளிப் பார்த்தேன்.
அதே ராத்திரி, இரண்டு நாற்பது:
நெஞ்சுத் துடிப்பு நூற்றுப் பதினெட்டு.
நர்ஸ் ஓடி வந்த நேரம்.
அதுவும் பதிவாகியிருக்கிறது.
தூங்குகிறவள் நெஞ்சு எதற்கு இப்படி அடிக்கிறது என்று
ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் கேட்கவில்லை.
எங்கள் ஆபீஸிலும்
ஒரு ரிஜிஸ்தர் மற்றதோடு பேசாது.

"வாங்கலாமாக்கா?" என்கிறாள் சேர்மக்கனி.
"வாங்கு. மணி சுத்தமாக் காட்டுது.
நடையில நூத்துக்கு நாலு கழிச்சுக்க.
பட்டையைத் துணிப்பட்டையா மாத்திரு.
தூக்கத்தைப் பத்தி என்ன சொன்னாலும் காதுல வாங்காத."

அவளிடம் சொல்லாத ரீடிங் ஒன்று இருக்கிறது.
வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கு, ஆட்டோவில்,
என் கையிலிருந்து கழற்றி அவருக்கு மாட்டினேன்.
மெலிந்த மணிக்கட்டில் பட்டை சுற்றிச் சுற்றி வந்தது.
இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.
பச்சை மினுங்கி, யோசித்து,
எழுபத்திரண்டு என்றது.

ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதிக்கொண்டேன்.