அழிக்கும் வேலை

மில்வாக்கி, வடக்குக் கிளை நூலகம்.
பனிக்காலத்தில் புத்தகங்கள் ஈரமாய்த் திரும்பி வரும்.
ஜாம் பிசுக்கு, நாய் கடித்த மூலை, பஸ் டிக்கெட்,
ஒரு தடவை பொரித்த கோழியின் தோல்.
பெட்டியைக் கவிழ்த்துப் பிரிப்பதும்
கிறுக்கியதை அழிப்பதும் என் வேலை.
மணிக்குப் பதினோரு டாலர்.

நவம்பரில் வந்தது அது.
குதிரை ஏறும் சிறுமி, படம் போட்ட கதை.
பக்கம் ஒன்பதில் அவள் முகத்துக்குப் பழுப்புப் பென்சில்.
கழுத்துக்கும்.
கடிவாளம் பிடித்த விரல்களுக்கும்,
நகங்களை மட்டும் விட்டு, கோடு தாண்டாமல்.
நேர்கூந்தலின் மேல் சின்னச் சின்னச் சுருள்கள்,
எறும்பு எழுதிய மாதிரி.
நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் இப்படியே.
குதிரையைத் தொடவே இல்லை.
அது வெள்ளையாகவே ஓடிக்கொண்டிருந்தது.

மிஸ் லிண்ட்க்விஸ்ட் கணினியில் தேடினார்:
கெஸியா டாலிவர், வயது பத்து, அபராதம் இரண்டு டாலர்.
"நல்லா அழிச்சிடு" என்றார். கோபமெல்லாம் இல்லை.

அழித்தேன்.
ரப்பர் துகளெல்லாம் பழுப்பு.
ஊதினேன், புறங்கையில் விழுந்தது.
எது துகள், எது தோல் என்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.

எனக்குப் பத்து வயதில் பென்சில் தோன்றவில்லை.
கதையில் எங்களவன் ஒருவன் வந்ததும்
எண்ண ஆரம்பிப்பேன்.
நன்றாகச் சிரிக்கவைப்பான்,
நண்பனுக்கு வழிவிடுவான்,
ஏழாம் அத்தியாயத்துக்குள் செத்துப்போவான்.
சாகாதவன் விலங்கோடு வருவான்,
அவனைப் பிப்ரவரியில் வாசல் மேசைமேல் நிறுத்துவோம்.
மார்ச் முதல் தேதி
உள்ளே கொண்டுபோய் வைப்பதும் நான்தான்.

கெஸியா தம்பியோடு வந்தாள், எல்லாம் சில்லறை.
எண்ணி வைத்துவிட்டுக் கேட்டாள்:
"அழிச்சிட்டீங்களா?"
அழித்துவிட்டேன்.
"முழுசா?"
பக்கம் தொண்ணூறில் காதோரம் மட்டும் போகவில்லை என்றேன்.
கணக்கு சரி என்பதுபோலத் தலையாட்டினாள்.

அன்றைக்கே இன்னொரு புத்தகம் எடுத்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கே அது தெரியாது.
அட்டையில் ஒரு துடுப்பு, உள்ளே படமே இல்லை.
ஹீட்டர் பக்கத்து பெஞ்சில் படிக்க ஆரம்பித்தவளை
தம்பி டெவாண்டே தோளில் தாடையை வைத்துக் கேட்டான்,
"இவ நம்மள மாதிரியா?"
"ஆமான்னுதான் நினைக்கிறேன்."
"அப்ப எப்ப சாவா?"

மூன்று வாரம் தாமதமாகத் திரும்பியது.
ரப்பரோடு உட்கார்ந்தேன்.
பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.
பென்சில் இல்லை. எங்கும் இல்லை.

நாற்பத்து மூன்றில் மட்டும்
மூலையை மடித்து, நிமிர்த்தி, திரும்ப மடித்து
காகிதம் துணியாய் நைந்திருந்தது.
பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை அங்கே.
திருடிய படகு. இருட்டு.
விளக்கை அணைக்குமுன் அவள்
சாட்டின் துணியை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறாள்.
ஒரே வரி.
எதற்கென்று யாருக்கும் விளக்கவில்லை.
என் தங்கை ராத்திரி தவறாமல் கட்டுவது அது.
எத்தனையோ ஆயிரம் புத்தகம் கைமாறியிருக்கிறது என்னிடம்,
ஒருத்தியும் இப்படித் தூங்கப் போனதில்லை.

வரியின் மேல் விரலளவு எண்ணெய்க் கறை.
முகர்ந்து பார்த்தேன்: ஷியா வெண்ணெய்.
விதிப்படி அதுவும் சேதம்தான்.
ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தள்ளுவண்டியில் சாய்ந்து நின்றபடி
மிச்சத்தைப் படித்தேன்.
பொய் சொல்கிறாள். பின்னக் கணக்கு வரவில்லை.
நல்லவள்கூட இல்லை, சிநேகிதியை நடுத்தீவில் விட்டுவிட்டுப் போகிறாள்.
என் பழக்கம் போகவில்லை, எண்ணிக்கொண்டே வந்தேன்.
ஐந்து. ஆறு.

ஏழாம் அத்தியாயத்தில் அவளுக்குப் பசிக்கிறது.
டின்னைத் திறக்கக் கத்தி தேடுகிறாள்.
அவ்வளவுதான்.