உரிமையாளர் என்ற கட்டம்

செவ்வாய் காலை ஏழு செம்மறிகள்.
கறுப்பு மூக்கு, சுருள் மயிர்.
ரூப்பனின் இழுவை வண்டியில்
தார்ப்பாய்க்குக் கீழே; கால்கள் மட்டும் வெளியே.

விஸ்ப் நகரத்து ஓரம், ரயில் பாதைக்குப் பின்னால்
செத்த மிருகங்களை நிறுத்து வாங்கும் குளிர் அறை.
சாவி என்னிடம்.
தராசு, படிவம், ரப்பர் சப்பாத்து எல்லாம் என் பொறுப்பு.

வனக்காவலன் தெயோடூல் வந்தான்.
கழுத்துக் காயத்தில் பஞ்சுக்குச்சியைச் சுழற்றினான்,
குழந்தையின் காது துடைக்கிற கவனத்தோடு.
குச்சி குழாய்க்குள், குழாய் உறைக்குள், உறை லொசானுக்கு.
மூன்று கிழமையில் பதில்:
ஓநாய். பெண். அதற்கு ஓர் எண்.

மூன்றே கிழமை.
என்னுடைய எண் வர நாலு வருடம்.
எச்சில் கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன்.

மழை. தார்ப்பாயிலிருந்து வடிந்துகொண்டே இருந்தது.
ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.
நான் பிறந்த தீவில் ஓநாயே கிடையாது, நரிதான்.
காட்டில் இல்லாத ஒன்றைப்
பழமொழிக்குள் கட்டிவைத்துத் தீனி போட்டிருக்கிறோம்.
ரூப்பனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.
சிரிக்கவில்லை. காது வில்லைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்:
எங்களுக்கும் அப்படித்தான்.
மேலே ஒரு பள்ளத்தின் பெயரில் மட்டும் இருந்தது,
ஓநாய்க்குழி என்று.
சின்ன வயதில் அதற்குள் சறுக்கி விளையாடினோம்.

இலையுதிர் காலத்தில் தடித்த உறை ஒன்று.
சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்தபின் என் முதல் வாக்கு.
வரியாக இருக்கும், ஓய்வூதியமாக இருக்கும் என்று பிரித்தேன்.
ஓநாயைச் சுடலாமா.
இங்கே புள்ளடி போட முடியாது,
சொந்தக் கையால் எழுதவேண்டும்,
ஆம், அல்லது இல்லை.
பதினொரு நாள் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்குக் கீழ் கிடந்தது.
பால் எடுக்கும்போதெல்லாம் பார்த்தேன்.
என்ன எழுதினாய் என்று ரூப்பன் கேட்கவில்லை.
தெயோடூல் கேட்டான்.
மழை வரும்போல் இருக்கிறது என்றேன்.

ஜனவரியில் அவளைக் கொண்டுவந்தார்கள்.
அதே தராசு.
முப்பத்தொரு கிலோ.
இன்னும் கூட இருக்கும் என்று நினைத்திருந்தேன்,
கதைகளே அதைவிடப் பாரம்.
ஒரு கடைவாய்ப் பல் உடைந்திருந்தது.
பின்னங்கால் விரலிடுக்கில் ஒரு பனிக்கட்டி,
கரைவதா வேண்டாமா என்று.

ரூப்பன் வந்தார். கையில் போத்தல், திறக்கவில்லை.
குனிந்து, முன்னங்கால் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்,
சந்தையில் பழம் அழுத்திப் பார்ப்பதுபோல்.
மெத்தென்று இருக்கிறது என்றார்.
யாரோ விலையில் ஏமாற்றிவிட்ட குரல்.

படிவத்தில் கட்டங்கள்: இனம். எடை. இறப்பின் காரணம்.
உரிமையாளர்.
ஏழு செம்மறிக்கும் ஏழு முறை ரூப்பன் என்று எழுதிய கை
நின்றது.
மாநிலம் என்று போடு என்றான் தெயோடூல்.
போடாதே என்றார் ரூப்பன்.
வெறுமையாய் விட்டால் கணினி அடுத்த பக்கம் போகாது.
ஒரு சின்னக் கோடு போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

வசந்தத்தில் ரூப்பன் இரண்டு வெள்ளை நாய்கள் வாங்கினார்,
கன்றுக்குட்டி அளவு.
மந்தைக்குள் பிறந்தவை, மந்தைக்குள் தூங்குபவை.
தூங்குவதில்லை. விடிய விடியக் குரைக்கின்றன.
பேர்ணிலிருந்து மலையேற வந்த ஒருவரின் காற்சட்டை கிழிந்தது.

நேற்று என் வீட்டு மணி அடித்தது.
அட்டையில் தாள், நாற்பது கையெழுத்து ஏற்கெனவே:
நாய்களை அகற்றவேண்டும்.
மேலே இருட்டில் அந்தக் குரைப்பு.
எதைக் கண்டு குரைக்கின்றன என்று கேட்டேன்.
அதுவல்ல கேள்வி என்றார்கள்.

பேனாவை வாங்கி
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன்.
எழுதியது.
எழுதவில்லை என்று
திருப்பிக் கொடுத்தேன்.