வியாழக்கிழமை அவள் முறை

பிஸ்கே வளைகுடாவில் கப்பல் ஒருக்களித்துப் படுக்கிறது.
அலமாரிக் கதவு தானாகத் திறக்கிறது,
தானாக மூடிக்கொள்கிறது.
உள்ளே ஆறே ஆறு ஹேங்கர்.
நாங்கள் இரண்டு பேர்.

கட்டில்மேல் ஒரு தாள் வைத்துப் போயிருக்கிறார்கள்:
இன்றிரவு சம்பிரதாய உடை.
ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டும் போ டையும்,
பெண்களுக்குத் தரை தொடும் கவுன்.
மாற்ற மனமில்லாதவர்கள்
பதினான்காம் தளத்தில் உருளைக்கிழங்கு வறுவலோடு
நிம்மதியாக இருக்கலாம்.
கடைசி மூன்று வரி தாளில் இல்லை, நான் சேர்த்தது.

கிளெனிஸ் கொண்டுவந்தது மூன்று.
கருநீலம், தங்கை மகள் கல்யாணத்துக்குத் தைத்தது.
அந்தக் கல்யாணம் கிழிந்துவிட்டது, கவுன் அப்படியே இருக்கிறது.
பச்சையைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றவள்
"பில்லியர்ட்ஸ் மேசை" என்று தானே சொல்லிக் கழற்றினாள்.
மூன்றாவது இடுப்போடு நின்றுவிட்டது,
மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல்.
நாங்கள் இழுத்த இழுப்பில், சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

எனக்கு ஒன்றே ஒன்று. சாம்பல் நிறம்.
வீட்டுக் கண்ணாடியில் மேகம் மாதிரி இருந்தது.
இங்கே இந்த விளக்கில்
மீன் கட்டிய காகிதம்.
அறையில் இஸ்திரிப் பெட்டிக்குத் தடை.
மூன்றாம் தளத்தில் இருக்கும் ஒன்றின் முன்னால்
பன்னிரண்டு பேர் குளியல் அங்கியோடு வரிசை.
லீட்ஸ் பல் மருத்துவர் ஒருவர் யோசனை சொன்னார்:
வெந்நீரைத் திறந்துவிட்டுக் குளியலறையில் தொங்கவிடுங்கள்,
சுருக்கம் போய்விடும்.
போகவில்லை.
நான்தான் வெந்துபோனேன்.

அப்போதுதான் கிளெனிஸ்
பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்தாள்.
எம்லினின் டின்னர் கோட்டு.

சொல்லிவிடுகிறேன்:
எம்லினுக்கு முதல் மனைவி அவள், இரண்டாவது நான்.
பதினொரு வருடம்
அவள் இந்தப் பக்கம் வந்தால் நான் சாலையைக் கடப்பேன்.
அவன் செத்த அன்று
சவப்பெட்டிக்குள் எந்த டை என்று கேட்க
எனக்கு வேறு எண் தெரியவில்லை.
இந்தப் பயணம் அவன் வேனை விற்ற காசு,
குழாய்கள், குறடுகள் உட்பட.

கோட்டை நான் தானக் கடையில் போட்டிருந்தேன்.
கடை ஜன்னலில் பார்த்திருக்கிறாள்.
"எட்டுப் பவுண்டு," என்றாள், "பேரம் பேசவில்லை."

பாடகர் குழுவுக்காக அவள்தான் முதலில் வாங்கியது.
பின்வரிசை, கனத்த குரல், பத்து வருடம்.
என் சமையலுக்கு இடம் கொடுத்து
பக்கத் தையலைப் பிரித்துவிட்டவள் நான்.
உள்துணியைத் திருப்பினால்
அவள் போட்டது கறுப்பு நூல்,
நான் போட்டது நீலம்.
ஞாயிற்றுக்கிழமை, கறுப்பு தீர்ந்திருந்தது.

ஆள் பாதி, ஆடை பாதி.
ஆள் போன பிறகு
ஆடைதான் முழுசு.

"போடு," என்றாள். "உனக்குத்தான் தோள் அகலம்."

கை விரல் நுனி வரை வந்தது. இரண்டு மடிப்பு மடித்தேன்.
சாம்பல் கவுனுக்குமேல் அவன் தோள்கள்.
பையில் தொண்டை மிட்டாய் ஒன்று,
காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு.
என்னைக் கேட்காமல் உரித்து
வாயில் போட்டுக்கொண்டாள் கிளெனிஸ்.
எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம்தான்.

படிக்கட்டில் புகைப்படக்காரன்
யாரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று குழம்பி,
கடைசியில், "நெருங்கி நில்லுங்கள்," என்றான்.
கப்பலும் அதையே சொன்னது.
மோதிக்கொண்டோம்.

சூப் வரும்போது கேட்டேன், காற்சட்டை எங்கே என்று.
"அது முன்னமே போய்விட்டதாம், வேறு யாருக்கோ."
அப்படியென்றால் ஸ்வான்சீயில் யாரோ ஒருவன்
இந்நேரம் எம்லினின் காற்சட்டையில்
ஏதோ ஒரு மேசைக்கு அடியில்
முழங்காலை ஆட்டிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த சம்பிரதாய இரவு வியாழக்கிழமை.
"கோட்டு என் முறை," என்கிறாள் கிளெனிஸ்,
ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.
தோள் பற்றிய பேச்சே இல்லை.