அரை மாத்திரை

முதலில் எல்லாவற்றுக்கும் பல் முளைத்திருந்தது.
படகின் மூக்குக்கு, துடுப்புக்கு,
கரையில் கத்துகிறவர்களின் கைகளுக்கு.
அசைந்ததெல்லாம் சீப்பாகிவிட்டது,
பின்னால் நின்ற மலை மட்டும் வழவழவென்று.

கேமராவைப் பிடித்திருந்தவர்
கிளாக்ஸ்விக்கின் பல் மருத்துவர் என்பதில்
சுன்வோருக்குச் சிரிப்பு.

தொண்ணூற்று மூன்று ஜூன், ஃபாரோ தீவின் படகுப்போட்டி.
சிவப்பா நீலமா
தீராத வழக்கு.
சிவப்பில் துடுப்பு வலித்த ஹோக்னிக்கும்
நீலத்தில் வலித்த டோர்கிலுக்கும்
இன்றும் ஒரே மீன் ஆலை,
வேறு வேறு சாப்பாட்டு மேசை.

அவளிடம் இருந்தது காசில்லாத மென்பொருள்.
முகம் தெரியாத யாரோ எழுதிச் சும்மா தந்தது.
கறுப்புத் திரை, ஒரு வரிக் கட்டளை, ஆறிய காபி.

எந்த வரிகள் முன், எந்த வரிகள் பின் என்பதை
மாற்றிக் கொடுத்துவிட்டாள் முதலில்.
மூன்றடி பாய்ந்து ஓரடி பின்வாங்கி
மூன்றடி பாய்ந்து ஓரடி பின்வாங்கி
நடுங்கிக்கொண்டே வந்தன படகுகள்,
போவதா வேண்டாமா என்பதுபோல.

திருத்தினாள்.
ஒரே சட்டகத்தில் பின்னிக் கிடந்த
இரண்டு நேரங்கள் பிரிந்தன.
பற்கள் உதிர்ந்தன.
தண்ணீர் தண்ணீரானது.

கோட்டருகே நிறுத்தினாள்.
இந்தப் படத்தில் இரண்டு படகும் இப்பால்.
அடுத்ததில் இரண்டும் அப்பால்.
நடுவே, படகு ஐந்து விரற்கடை நகர்கிற நேரத்தில்
யாரும் பார்க்காத ஏதோ நடந்திருக்கிறது.

பெரிதாக்கினாள், இன்னும், இன்னும்.
அப்பால் போன படத்தில்
சிவப்பின் மூக்கு ஒரே ஒரு புள்ளி முன்னே!
நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவள்
எழுந்தபடியே நின்றாள்.

அந்தப் புள்ளி இருந்தது
கேமரா பார்த்த வரியில் அல்ல.
மேல் வரியையும் கீழ் வரியையும் பார்த்து
மென்பொருள் இட்டு நிரப்பிய வரியில்.

மெய்க்கு அரை மாத்திரைதான்.
மீதி அரை
நல்லெண்ணத்தோடு செய்த ஊகம்.

மதியம் ஹோக்னி கேட்டான்:
தெளிந்ததா?
தண்ணீர் தெளிந்தது, என்றாள்.
அடுத்த மேசையில் ஒரு கரண்டி நின்றது.
வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே,
யாரையும் பார்க்காமல், டோர்கில்:
என் முடி தெரிகிறதா அதில்?

தெரிகிறது.
காற்றில் பறக்கிறது.
அதில் பாதி
நிச்சயமாக உன்னுடையது.