மெய்யெழுத்து

அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில்
மொழிபெயர்ப்புப் பிரிவு என்றால்
ஒரு மேசை, இரண்டு அகராதி,
சுற்றும்போது முனகும் மின்விசிறி, நான்.

இன்றைய கட்டில் பதினான்கு பக்கம்.
ஏற்காடு மலைப்பாதை, பதினோராவது வளைவு,
தாங்குசுவர் சரிந்து ஒருவர் சாவு.
பொறியாளரின் ஆங்கிலம் சுத்தமாகத்தான் இருக்கிறது.
ஒன்பதாம் பக்கத்தில்
நடுரோட்டு மாடு போல
ஒரு வினைச்சொல் நகர மறுக்கிறது.

வீக்கண்ட் வால்.
தட்டெழுதும் புகழேந்தி எட்டிப் பார்த்து
"சனி ஞாயிறு மட்டும் நிக்கிற சுவரா மேடம்?" என்கிறான்.

வலுவிழந்த என்று போடலாம்,
அதைப் புயலுக்கென்று
வானிலைக்காரர்கள் எடுத்துக்கொண்டு வருஷமாகிறது.
நலிந்த என்றால் சுவர் மானியம் கேட்கும்.
மெலிந்த என்பது பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் பேச்சு.
நிலா தேயும், வேட்டி நையும், கயிறு இறும்,
நிலைக்கதவு உளுக்கும்.
கருங்கல்லும் சிமெண்டும் சேர்ந்து
என்னதான் செய்யும்?

தளரும். சரி, தளரும்.
எழுதப் போய்
பாதிச் சொல்லில் நின்றுவிட்டேன்.

ஆங்கிலத்தில் அது இரண்டு பக்கமும் திறக்கிற கதவு.
தானாக நடந்தாலும் அதே சொல்,
ஆள் வைத்து நடத்தினாலும் அதே சொல்.
தமிழ் வாசலிலேயே விசாரிக்கிறது.
தளர்ந்த சுவர் என்றால்
மழை, வயது, மலையின் எடை.
அந்த ந்-ஐ எடுத்துவிட்டு ஒரு த் வைத்தால்
தளர்த்திய சுவர்.
உடனே ஒரு கை வேண்டும்,
கைக்கு ஒரு பெயர்,
பெயருக்குக் கீழே கையொப்பம், தேதி.
மூக்கால் கசியும் மெல்லினத்துக்கும்
பல்லில் இடிக்கும் வல்லினத்துக்கும் நடுவே
பதினொரு லட்சம் இழப்பீடு.

பின்னிணைப்பில் குழந்தையம்மாளின் வாக்குமூலம்.
தமிழ்தான், என் வேலையில் சேராது.
படித்தேன்.

'கோடை விழாவுக்கு முன்னாடி பெயிண்ட் அடிக்க வந்தாங்க.
தண்ணி ஒழுகுற ஓட்டையெல்லாம் அசிங்கமா இருக்குன்னு
சிமெண்ட்ட அப்பி அடைச்சாங்க.
அதுமேல மயில் வரைஞ்சாங்க.
ஐப்பசி மழையில மயிலுக்கு வயிறு தள்ளிக்கிட்டு வந்துச்சு.
போன் போட்டோம், வந்து பாக்குறோம்னாங்க.
எங்க வீட்டுக்காரர் சேர்வராயன்
கொய்யாக் கூடைய நகத்திட்டு வாரேன்னுதான் போனாரு.'

தளர்ந்த என்ற சொல்லே அதில் இல்லை.
வந்தாங்க, அடைச்சாங்க, வரைஞ்சாங்க.
ஒவ்வொரு வினைக்கும் ஆள் இருக்கிறார்கள்,
ஆட்களுக்குத்தான் பெயர் இல்லை.

மறுபடி ஒன்பதாம் பக்கம்.
அந்த ஓட்டைகளுக்கு ஆங்கிலத்தில்
அழும் துளை என்று பெயர்.
'காணப்படவில்லை' என்று ஒரே சொல்லில்
பொறியாளர் அவற்றைக் கடந்துவிடுகிறார்.

மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது,
இருப்பதை விடக் கூடாது.
பணியில் சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
இல்லாத மாதிரி இருப்பதை என்ன செய்ய?
படிவத்தில் அதற்கு வரி கிடையாது.

நாலரைக்கு ஜன்னலில் மலையைக் காணோம்.
மேலே மழை.

தட்டச்சுக்குக் கொடுத்தேன்:
'தளர்ந்த / தளர்த்திய சுவர்.'
அடிக்குறிப்பு: மூலச்சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது.
தமிழ் தரவில்லை.

"சாய்கோடு போட்டா திருப்பி அனுப்புவாங்க மேடம்."

அனுப்பட்டும்.
திரையில் அந்தக் கோடு
ஒரு பக்கமாய்ச் சரிந்து,
இரண்டு சொல்லுக்கு நடுவில்
இன்னும் விழாமல்.

"நாலு பிரதி எடு, புகழேந்தி.
ஒன்று குழந்தையம்மாளுக்கு."