பிளாஸ்திரி

போர்ட் சால்மர்ஸில், துறைமுகத்தைப் பார்த்தபடி
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் மரவீடு.
வாங்கின வருஷம் அதற்கு வயது நூற்றிரண்டு.
ஒரு கதவு மூடாது. இன்னொன்று
மூடினால் திறக்காது.

முன்பு இருந்தவன் லாக்கி மெக்ரே.
இழுவைப்படகில் முப்பது வருஷ வேலை.
முகம் பார்த்ததில்லை; கை தெரியும்.
ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் கயிறு கட்டுவான்,
ஸ்குரூ வேண்டிய இடத்திலும் கயிறு.
சிங்க்குக்கு அடியில் குழாயைச் சுவரோடு சேர்த்துத்
தார்க்கயிற்றால் ஒரு கட்டு.
ஜன்னலைத் தூக்கி நிறுத்தும் எடை அறுந்ததற்கு
ஒரு சாக்ஸ் நிறையத் தூண்டில் ஈயம்.
குளியலறைக்குக் கப்பலின் சாம்பல் நிறம்.
காசு கொடுத்து வாங்கிய பெயின்ட் மாதிரித் தெரியவில்லை.

சனிக்கிழமைதோறும் அவனைத் திட்டினேன்.
திட்டிக்கொண்டே அறுத்தேன், ரொட்டிக் கத்தியால்,
முடிச்சு முடிச்சாக.
அவிழ்க்க ஒருநாளும் முயன்றதில்லை.
'லாக்கி பண்ணாதே' என்று ஒரு வினைச்சொல்
எங்கள் வீட்டில் மட்டும் புழங்கியது.
மகன் ஃபெர்கஸ் நாலு வயதுவரை
லாக்கி சுவருக்குள் குடியிருப்பதாகவே நம்பினான்.

இந்த ஜூலை. நடுக்குளிர்.
குளியலறைக் குழாய் சொட்டியது.
இரண்டு டாலர் வாஷர், பத்து நிமிஷம் என்றேன்.
பத்தாவது நிமிஷத்தில்
வீட்டுக்கு அடியில் மண்ணில் மல்லாந்து கிடந்தேன்,
மெயின் வால்வின் கைப்பிடி
தனியாக என் கையில்.
கிணறு வெட்டப் போனால் பூதம்.
பூதத்தைத் தொட்டால் இன்னொரு கிணறு.
பிளம்பர் சியோனே புதன்கிழமைதான் வருவாராம்.
"சுவர் நனையுதே" என்றான் ஸ்டூவர்ட்,
ஏதோ பக்கத்து வீட்டுச் சுவரைச் சொல்வது போல.

பலகையை நெம்பிப் பெயர்த்தேன்.
அத்தனை வருஷத் தூசியும்
என் முகத்தில் இருமியது.
ஸ்டூவர்ட் டார்ச் அடித்தான்.
உள்ளே, வளைவு திரும்பும் மூட்டில்
குழாய்க்கு வெள்ளைத் துணி டேப் சுற்றியிருந்தது.
குழாய்க்குப் போய் எவனாவது துணி டேப் சுற்றுவானா?
"லாக்கி, நீ நாசமாய்..."

நிறுத்தினேன்.
ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப்
பாதி மூடியிருந்தது, அளவெடுத்த மாதிரி.
கடைசி நுனியை உள்ளே மடித்திருந்தது,
பிரிப்பவர் விரலுக்கு அகப்படும்படி.
இழுவைப்படகுக்காரன் நுனி மடிக்க மாட்டான்.
எலும்புமுறிவு வார்டில்
இரவுப்பணி பார்ப்பவள் மடிப்பாள்.

வேண்டாம் என்றாலும் நினைவு வந்தது.
ஃபெர்கஸ் பிறந்த வருஷம், அதிகாலை மூன்று,
சீருடை மாற்றவில்லை, பையில் கிடந்த பிளாஸ்திரி.
'திங்கட்கிழமை வரை தாங்கினால் போதும்.'
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.
அப்புறம் பலகை அடித்து, பட்டி பார்த்து,
பூசி மெழுகி, மறந்தே போய்,
எட்டு வருஷம் தாங்கியிருக்கிறது.

ஸ்டூவர்ட் ஒன்றும் சொல்லவில்லை.
டார்ச்சை மட்டும் மெதுவாக
வேறு பக்கம் திருப்பினான்.
இருட்டில் சொட்டுச் சத்தம் பெரிதாய்க் கேட்டது.

ஈரத்தில் டேப் ஒட்டாது. கடை பூட்டியாயிற்று.
பழைய வெந்நீர்ப் பையை வெட்டி
ரப்பரைக் குழாய்மேல் போர்த்தி இறுக்கினால்
இந்த ராத்திரி நிற்கும்.
ஆனால் கட்ட வேண்டும்.
வழுக்காத, நனைந்தால் இன்னும் இறுகுகிற
ஒரு கட்டு.
ஷெட்டில் தார்க்கயிறு இருந்தது, நான் அறுத்த துண்டுகள்,
ஒரு வாளி நிறைய.
முடிச்சுதான் எனக்குத் தெரியாது.

அவர் போட்டதில் ஒன்று பாக்கி:
பின்கேட்டின் கீலில்.
ஒரு தொந்தரவும் தராததால்
என் கத்திக்குத் தப்பியது.

மழையில் குந்தி, டார்ச்சைப் பல்லில் கடித்து
விரலால் தடவித் தடவிப் படித்தேன்:
இது கீழே போய், அதைச் சுற்றி,
தன் முதுகுக்கு அடியிலேயே நுழைந்து,
இல்லை,
மறுபடி முதலிலிருந்து.

மாடி ஜன்னல் மேலேறியது. சுவருக்குள்
சாக்ஸ் இறங்கும் சத்தம்.
"கேட்டுகிட்ட யாரு?" ஃபெர்கஸின் குரல்.

ஸ்டூவர்ட் சமையலறை வாசலிலிருந்து சொன்னான்:
"லாக்கி."